ரீட்டா டீச்சர் சொன்ன ‘நம்ம பிள்ளைங்க’

“ஒங்க டீச்சர் செத்துப் போச்சாம்.”

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் பாதிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று லெட்சுமி அக்கா எனக்கு இப்படித்தான் செய்தி சொன்னார். வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டு முடிந்து, பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். நான் அடுப்பில் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். “எந்த டீச்சர்?” என்று கேட்டேன், தெரிந்துகொண்டே. “ரீட்டா டீச்சர்தான். விடியக்காலையிலயாம்” என்றார். சொல்லிவிட்டு நிற்கவில்லை. நாலு வருடத்துக்கு மேலாகிறது, வேலை சம்பந்தம் இல்லாமல் லெட்சுமி அக்கா என்னிடம் பேசி. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்குப் பிள்ளைகள் அதைத்தான் குடித்தார்கள்.

இதை எழுதச் சொன்னவர் பள்ளிக்கூடத்துப் பெரிய சிஸ்டர். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார்களாம். “டீச்சரோட நல்லாப் பழகினவங்க நீங்க. நல்லதா நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க” என்றார். நல்லது இருக்கிறது, நாலு வார்த்தைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அதை மட்டும் தனியாகப் பொறுக்கிக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. முழுவதையும் எழுதிவிடுகிறேன். போடுவதும் போடாததும் சிஸ்டரின் விருப்பம்.

ஹாலிஎலவிலிருந்து தெமோதரைப் பக்கம் போகும் பாதையில், தேயிலைக்கு நடுவே ஐந்து வகுப்பறையும் ஒரு சின்ன வேதக்கோயிலுமாக இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். கன்னியாஸ்திரிகள் நடத்துவதால் தோட்டத்தில் அதற்கு ‘சிஸ்டர்மார் ஸ்கூல்’ என்று பெயர். ரீட்டா டீச்சர் அங்கே முதலாம் வகுப்புக்குப் படிப்பித்தார். நான் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை என்னிடம்தான் விட்டுப்போவார்கள். அதனால் பிள்ளைகள் விஷயத்தில் என் பேச்சுக்குத் தோட்டத்தில் ஒரு மதிப்பு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

டீச்சர் முதன்முதலாக என்னைத் தேடி வந்தது ஒரு கார்த்திகை மாத மழையில். செருப்பைக் கழற்றி ஷொப்பிங் பையில் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு படியேறி வந்தார். கணுக்காலில் இரண்டு அட்டை. அட்டையைக் கழற்ற நான் பதறிப்போய்ச் சவர்க்காரம் எடுக்க ஓடினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. தொட்டிலில் கிடந்த குழந்தைகளையும் பாயில் விளையாடிய பிள்ளைகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

“டீ ஊத்தட்டுங்களா டீச்சர்?”

“டீ வேணாம் சாந்தி. பிள்ளைங்கதான் வேணும். தை மாசத்துக்கு முன்ன அஞ்சு வயசு முடியுறது எத்தனை இருக்கு?”

கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏதோ கடையில் சாமான் கேட்கிற மாதிரி. அவரும் சிரித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். பத்துப் பிள்ளைகளாவது சேர்ந்தால்தான் அடுத்த வருடம் தமிழ் மொழியில் முதலாம் வகுப்பு நடக்கும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்களாம். ஒருமுறை மூடினால் திரும்பத் திறக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் மகள் தர்ஷினிக்கும் அந்த வருடம்தான் ஐந்து முடிந்தது. அவளை எங்கே போடுவது என்று வீட்டில் மூன்று மாதமாக இழுபறி. தோட்டப் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் மூன்று வாத்தியார் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வருடம் ஒருவர்தான் வந்துகொண்டிருந்தார். பதுளைக்கு அனுப்புவதென்றால் இருட்டோடு எழுப்பி பஸ்ஸில் திணிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறார். “சிங்களத்துல படிச்சாத்தான் நாளைக்கு ஒரு கவர்மெண்ட் வேல கெடைக்கும்” என்பது அவர் பாட்டு. சிஸ்டர்மார் ஸ்கூல் என்று நான் வாயெடுத்தால், “வேதத்துக்கு மாத்திப்புடுவாங்க” என்பார்.

டீச்சரிடம் அதை நான் மறைக்கவில்லை. அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஒரே கூரையில் வரிசையாக வீடுகள் இருக்கும் எங்கள் லயத்துக்கு நேராக வந்து, என் வீட்டுக்காரரை உட்காரவைத்துச் சொன்னார். “உங்க மக விபூதி பூசிக்கிட்டு வரட்டும், நான் அழிக்க மாட்டேன். மூக்குல சளி வந்தாத்தான் தொடைப்பேன்.” என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அன்றோடு வீட்டில் எதிர்ப்பு அடங்கியது. தர்ஷினிக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்பது எங்கள் வீட்டில் அந்த ஒரு வாக்கியத்தில்தான் முடிவானது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நானும் டீச்சரும் லயம் லயமாக ஏறி இறங்கினோம். நான் கதவைத் தட்டுவேன், அவர் பேசுவார். எந்த வீட்டிலும் முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச மாட்டார். பிள்ளையைக் கூப்பிட்டு, “உன் பேரு என்ன, உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?” என்று தொடங்குவார். கிளம்பும்போது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்ம பிள்ளைங்க எல்லாம் ஒரே பெஞ்சில உக்காரும், பாருங்க” என்பார். நம்ம பிள்ளைங்க. அந்த மாதம் முழுவதும் அவர் வாயில் அதுதான். டீச்சரின் மகன் ஜெரோமுக்கும் தர்ஷினியின் வயதுதான், அவனுக்கும் அடுத்த வருடம் முதலாம் வகுப்பு. இது எனக்குத் தெரியும். அதனால் அந்த ‘நம்ம’வுக்குள் ஜெரோமும் இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மார்கழி நடுவில் எங்கள் தோட்டத்தில் தர்ஷினியோடு ஒன்பது பிள்ளைகள் சேர்ந்துவிட்டன. ஜெரோமோடு பத்து என்று எனக்கு ஒரே சந்தோஷம். டீச்சர், “எதுக்கும் இன்னும் ஒண்ணு தேடுங்க சாந்தி” என்றார். யாராவது கடைசி நேரத்தில் பின்வாங்கினால் என்ன செய்வது என்று பயப்படுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இன்னும் ஒன்றுக்காகத்தான் லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போனோம். அவருடைய மூத்த பெண்ணுக்கு வயது சரியாக இருந்தது. கைக்குழந்தை ஒன்று என்னிடம் பிள்ளைக்காம்பராவில். புருஷன் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறை வந்தால் உண்டு. அவர் வாசலில் நின்று பார்த்தால் தோட்டப் பள்ளிக்கூடத்தின் கூரை தெரியும். “கீழ இருக்க ஸ்கூல விட்டுப்புட்டு அவ்வளவு தூரம் எதுக்கு சாந்தி? நான் பெரட்டுக்கு ஓடுவனா, இதைக் கொண்டுபோய் விடுவனா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்போது நான் சொன்னேன், “அக்கா, டீச்சரே தன் பிள்ளைய அங்கதான் போடுறாங்க. நல்லது இல்லாமயா போடுவாங்க?”

லெட்சுமி அக்கா டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் குனிந்து செருப்பு வாரைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். அந்த வார் அறுந்திருக்கவும் இல்லை, கழன்றிருக்கவும் இல்லை. இல்லை என்று ஒரு சொல் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் இருந்தது. சொல்லவில்லை. “சரி, டீச்சரே போடுறாங்கன்னா அப்புறம் நான் என்னத்தச் சொல்ல” என்று லெட்சுமி அக்கா பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுக்க உள்ளே போனார்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியது. முதல் நாள் சிஸ்டர்மார் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பலூனும் டொபியும் கொடுத்தார்கள். சரியாகப் பத்துப் பிள்ளைகள். ஜெரோம் இல்லை. சுகமில்லையாக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாலையில் குழந்தையைத் தூக்க வந்த லெட்சுமி அக்கா, “டீச்சர் மகன் வந்துச்சா?” என்று கேட்டார். “காய்ச்சலாம் அக்கா” என்றேன்.

மூன்றாம் நாள் ஹாலிஎல டவுனில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. “சாந்தி ஆன்ட்டி!” என்று ஒரு குரல். ஜன்னலில் ஜெரோம். பதுளையில் இருக்கும் ஒரு பெரிய சிங்களப் பாடசாலையின் கழுத்துப்பட்டியும் பேட்ஜும். “என் டை பாருங்க ஆன்ட்டி, புதுசு” என்று எடுத்துக் காட்டினான். அழகா இருக்கு என்று சொன்னேன். பிள்ளை என்ன செய்யும்? வேன் போன பிறகும் அங்கேயே நின்றேன். என்னுடைய பஸ் வந்து போனதுகூடத் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. என்னை நம்பி ஒன்பது தாய்மார் ஏமாந்துவிட்டார்கள் என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் போனேன். டீச்சர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

“ஜெரோம் எங்க டீச்சர்?”

“டவுன் ஸ்கூல்ல போட்டிருக்கோம் சாந்தி. சிங்கள மீடியம்.”

“நம்ம பிள்ளைங்க எல்லாம் ஒரே பெஞ்சில உக்காரும்னீங்களே.”

“உக்காந்துதானே இருக்குதுங்க.”

“ஜெரோம் இல்லையே டீச்சர்.”

அவர் திரும்பவில்லை. “எங்க பிள்ளைக்கு நாங்க வேற மாதிரி யோசிச்சோம்” என்றார்.

நம்ம என்றால் பேசுகிறவரும் கேட்கிறவரும் சேர்த்தி. எங்க என்றால் கேட்கிறவர் வெளியே. நாலு வயதுப் பிள்ளைகூட இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லாது. டீச்சர் ஒரு மாதம் முழுக்க ஒரு சொல்லைச் சொல்லி என்னை உள்ளே வைத்திருந்தார். இன்னொரு சொல்லைச் சொல்லி வெளியே விட்டார். யோசித்துப் பார்த்தால், ஜெரோமைச் சேர்ப்பேன் என்று அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதைச் சொன்னவள் நான்தான். அவர் பக்கத்தில் நின்று, நான் சொல்ல விட்டார். பொய்யை என் வாயில் வைத்துவிட்டுத் தன் வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டார். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

இனி என் பங்குக்கு நான் செய்ததையும் சொல்கிறேன். அன்று மாலை லெட்சுமி அக்கா திரும்பவும் கேட்டார், டீச்சர் மகன் வந்துச்சா என்று. உண்மையைச் சொன்னால் பிள்ளைகளை எடுத்துவிடுவார்கள், வகுப்பை மூடிவிடுவார்கள், தர்ஷினிக்குப் போக இடம் இருக்காது. “இன்னும் காய்ச்சல் விடலயாம் அக்கா” என்றேன். முதல் நாள் நான் சொன்னது தெரியாமல். இது தெரிந்தே சொன்னது.

தோட்டத்தில் எது மறைந்து கிடக்கும்? இரண்டு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மற்றத் தாய்மார் திட்டினார்கள், முணுமுணுத்தார்கள், பிள்ளை பழகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். லெட்சுமி அக்கா மட்டும் என் முகத்துக்கு நேராகக் கேட்டார், “பொய் சொன்னது டீச்சரா, நீயா?” திங்கட்கிழமை தன் பெண்ணைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். ஒன்பது பிள்ளைகளோடு வகுப்பை நடத்தச் சிஸ்டர் யார் யாரிடமோ பேசிச் சம்மதம் வாங்கினார். கைக்குழந்தையை விட வேறு இடம் இல்லாததால் லெட்சுமி அக்கா என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். தினமும் பாதிக் கதவுக்கு மேலால் குழந்தையை நீட்டுவார், வாங்குவார். முன்பெல்லாம் எனக்கு நீ, வா, போ. அதற்குப் பிறகு நீங்க, வாங்க, போங்க. மரியாதை கொடுத்தே என்னைத் தள்ளி வைத்துவிட்டார். அவர் பெண்ணும் இப்போது ஐந்தாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள் என்று கேள்வி. அந்த மட்டில் என் நெஞ்சு கொஞ்சம் ஆறுகிறது.

ரீட்டா டீச்சர் ஒரு மோசமான டீச்சராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! நானும் தர்ஷினியை எடுத்துக்கொண்டு, நாலு பேருக்கு முன்னால் கேள்வி கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் அப்படி இல்லை. வருட நடுவில், இரண்டாம் தவணையில் ஒருநாள் ‘என் வீடு’ என்று படம் வரையச் சொன்னார்களாம். தர்ஷினி தாளின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே நீளமாக ஒரு கட்டடம் வரைந்து, பன்னிரண்டு கதவு வைத்திருந்தாள். பயிற்சிக்கு வந்திருந்த இளம் டீச்சர் ஒருவர், “வீட்டுக்கு இவ்வளவு கதவு இருக்காது” என்று அழிக்கச் சொல்லியிருக்கிறார். ரீட்டா டீச்சர் அந்த அழிறப்பரை வாங்கித் தன் மேசையில் வைத்துவிட்டு, “இதுல உன் கதவு எது?” என்று கேட்டிருக்கிறார். தர்ஷினி ஏழாவது கதவுக்கு நீலம் அடித்தாள். எங்கள் கதவு நீலம்தான். அந்தப் படம் வருடம் முடியும்வரை வகுப்புச் சுவரில் இருந்தது. வாயே திறக்காமல் இருந்த என் மகள் அதற்குப் பிறகுதான் வகுப்பில் பேசத் தொடங்கினாள். வருடக் கடைசியில் அரிசி சுற்றிவந்த பேப்பரைக்கூட விடாமல் வாசித்தாள். நான் தேர்ந்தெடுத்த பள்ளிக்கூடம் சரியான பள்ளிக்கூடம்தான். அது எனக்குச் சந்தோஷம் தரவில்லை, எரிச்சலைத் தந்தது.

போன வருடக் கடைசியில் அவர் நோயில் விழுந்தார். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரேஞ்ச் வாங்கிக்கொண்டு போனேன். மெலிந்து கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். தர்ஷினியைப் பற்றி விசாரித்தார். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றேன். பிறகு நான் கேட்காமலே அவராகச் சொன்னார்.

“உங்க பிள்ளைங்களுக்கு நான் போதும்னு நெனச்சேன் சாந்தி. என் பிள்ளைக்கு நான் போதாதுன்னு நெனச்சேன்.”

படுத்துக் கிடக்கிறவரிடம் எப்படிக் கத்துவது? “அத அன்னைக்கே லெட்சுமி அக்கா வாசல்ல சொல்லியிருக்கலாமே டீச்சர்” என்றேன்.

“சொல்லியிருந்தா பத்துப் பேரு வந்திருப்பாங்களா?”

வந்திருக்க மாட்டார்கள். எனக்கு அது தெரியும். அதனாலேயே அவர்மேல் இன்னும் கோபம் வந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. ஒரேஞ்சை உரித்து, சுளையின் தோலையும் எடுத்து ஊட்டிவிட்டேன். இரண்டு சுளை சாப்பிட்டார். “ஜெரோமுக்குத் தமிழ் வீட்டுல சொல்லிக் கொடுக்கலாம்னுதான் இருந்தேன். நாள் முழுக்க ஸ்கூல்ல கத்திட்டு வீட்டுக்கு வந்தா எனக்குத் தொண்டையே இருக்காது” என்றார். அதுதான் என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது.

நல்லடக்கத்துக்குப் பள்ளிக்கூடமே வந்திருந்தது. பூசையில் மகன் ஒரு வாசகம் வாசிப்பான் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். ஜெரோம் தாளை வாங்கிக்கொண்டு ஒலிவாங்கி முன்னால் போய் நின்றான். தமிழ்த் தாள். முதல் சொல்லை எழுத்துக் கூட்டினான். இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டான். பெட்டியைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். அந்த மலையில் முந்நூறு பிள்ளைகளுக்காவது எழுத்து அறிவித்த ஒருவரின் மகன், அவருக்காக எழுதியிருந்த நாலு வரியை வாசிக்க முடியாமல் நின்றான். எனக்குள் ஒரு கணம், ‘நல்லா வேணும்’ என்று இருந்தது. முழுவதையும் எழுதுவதாகச் சொல்லித்தானே தொடங்கினேன், அதனால் இதையும் எழுதுகிறேன். பத்து வயதுப் பிள்ளை தாயைப் பறிகொடுத்து நிற்கும்போது எனக்கு அப்படித் தோன்றியது. அதற்கு நான் இன்னும் வெட்கப்படுகிறேன்.

பாட்டுப் பாட வந்த பிள்ளைகளின் வரிசையிலிருந்து தர்ஷினி எழுந்து போனாள். யாரும் அவளை அனுப்பவில்லை. தாளின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள், மறுபக்கம் ஜெரோமின் கையிலேயே இருந்தது. திக்காமல், நிறுத்தி நிறுத்தி, டீச்சர் வாசிப்பதைப் போலவே வாசித்தாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரம் கழித்து ஜெரோமின் அப்பா எங்கள் லயத்துக்கு வந்தார். “தம்பிக்குக் கொஞ்சம் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுக்க முடியுங்களா? அம்மா எழுதி வச்ச கொப்பியெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு அழுவுறான்.” முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “சனிக்கிழமை அனுப்புங்க” என்று வந்தது.

ரீட்டா டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்று, எதைக் கொடுத்தாலும் வாசிக்கிற மகள். மற்றது, என்னை நம்புங்கள் என்று ஒரு தாயிடமும் சொல்ல வராத வாய். இந்த வருடமும் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று சிஸ்டர் கேட்டார், லயங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். போகிற வீட்டில் எல்லாம் படிப்பித்த டீச்சரே தன் பிள்ளையை அங்கே போடவில்லை என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். கதவைச் சாத்துகிறவர்கள் சாத்துகிறார்கள். இதுவரை மூன்று பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள்.

முதலாவதற்கு நன்றி, டீச்சர். இரண்டாவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. சனிக்கிழமைகளில் உங்கள் மகன் வந்து உட்கார்ந்து எழுத்துக் கூட்டும்போது, அது என் முகத்தில் தெரியாமல் இருக்க மட்டும் பழகிக்கொண்டிருக்கிறேன்.